தினமும் காற்றுக்கு இரண்டு

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் மருந்தாளுநருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அவள் ‘திருப்பிச்சொல்லு அக்கா’. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

காரணம் இதுதான். மருந்துக் கவரை உங்கள் கையில் கொடுப்பாள். ஆனால் ஒரு முனையை விடமாட்டாள். “எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்பாள். வக்கீலானாலும் சரி, போலீஸானாலும் சரி, பள்ளிப்பிள்ளை மாதிரி கைகட்டி நின்று, “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்” என்று ஒப்பித்தால்தான் கவர் முழுசாகக் கைக்கு வரும். ஒரு எழுத்து பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும், அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கல்யாணமான புதிதில் கண்டக்டர் புருஷன் ஆசையாக, “உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாராம். “எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாளாம் இவள். அது தொழில் பழக்கமா, வேறு ஏதாவதா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பா, காதில் விட வேண்டிய சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டார். கொடுத்தவன் சரியான மருந்தைத்தான் கொடுத்தான், வாங்கியவரும் படித்தவர்தான். ஆனால் “இதை எதுல விடப் போறீங்க?” என்று கேட்க நடுவில் ஒரு ஆளில்லை. கண்ணில் கட்டோடு அப்பா சுவரைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்த அன்றைக்கே, தான் என்ன படிப்பது என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: அதிர்ச்சியடைவது. சின்ன விஷயம் பெரிய விஷயம் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. “என்னது!” என்று நெஞ்சில் கையை வைத்துவிடுவாள். “உங்க அம்மாவுக்கு அதிர்ச்சி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வேளை” என்று கண்டக்டர் தன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டால் என்ன ஆகும்?

இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளியின் தலைமையாசிரியை ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். அவரையும் அக்கா ஒப்பிக்க வைத்தாள். அவர் ஒப்பித்து முடித்துவிட்டுச் சிரித்தார். “இதை எங்க பசங்ககிட்ட வந்து பண்ணுங்களேன். எங்க சிக் ரூமையும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்க” என்றார். கடை முதலாளி மதிய நேரத்தில் போய்வர அனுமதித்தார். வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அக்கா கோட்டைக் கழற்றாமலே பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள்.

முதல் நாளே மூன்று தடவை நெஞ்சில் கை வைத்தாள். மருந்து அலமாரியில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் சாக்பீஸ் டப்பா, தலைகிளிப், யாருடையது என்றே தெரியாத பல் கம்பி. அட்டையிலிருந்து பிய்த்தெடுத்த மாத்திரைகள் பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. “இது என்ன மாத்திரை?” என்றதற்கு, “தலைவலிக்கு, வயித்துவலிக்கு, எல்லாத்துக்கும்” என்று பதில் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டிலிருந்த அலர்ஜி மாத்திரையை மிட்டாய் மாதிரி பெஞ்சு முழுக்கப் பகிர்ந்து கொடுத்திருக்கிறான். பெஞ்சே தூங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் அதை வழக்கமான தூக்கம் என்றே நினைத்திருந்தார்.

அக்கா அதிர்ந்ததோடு நின்றுவிடுகிறவள் அல்ல. கிண்ணத்தைக் காலி செய்தாள். வகுப்பு வகுப்பாகப் போய், அடுத்தவர் மாத்திரை நமக்கு விஷமாகலாம் என்று பயமுறுத்தாமல் புரியவைத்தாள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண் ஒருத்தி, தோழிகள் கேலி செய்கிறார்கள் என்று மதிய மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதை அக்கா கண்டுபிடித்து, அவளுடைய டாக்டரிடமே பேசி, காலையிலும் இரவிலும் வீட்டிலேயே சாப்பிடும்படி மாற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள்.

சிக் ரூமைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் இருந்தார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் ‘பெரியம்மா’ என்றே கூப்பிடுவார்கள். அதற்கு முன் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குக் காலையில் முதல் வேலை, தீ மணியை அடித்துப் பார்ப்பதும் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதும். “சும்மா கெடக்கிற சாமான் சமயத்துல காலை வாரிடும்” என்பது அவர் வேதவாக்கு. சிக் ரூமில் டார்ச்சைத் தினமும் ஏற்றி அணைப்பார், கட்டிலை ஆட்டிப் பார்ப்பார், வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகிப் பார்ப்பார். அக்காவுக்கு அவரைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

பள்ளியில் ஆறு பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. மூச்சிரைப்பு வந்தால் வாய்க்குள் அடித்துக்கொள்ளும் இன்ஹேலர் சிலரிடம் இருக்கும், பலர் வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். அக்கா பெற்றோர்களிடமும் டாக்டர்களிடமும் பேசி, ஆளுக்கொரு இன்ஹேலரை உபரியாகப் பள்ளியிலேயே வைக்க ஏற்பாடு செய்தாள். கூடவே, மருந்து வீணாகாமல் நெஞ்சுக்குள் போக உதவும் ஸ்பேசர் என்கிற நீளக் குடுவையும் வைத்தாள். அலமாரிக்குப் பூட்டு கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தாள். பிறகு பெரியம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

“புதுசா இருந்தாலோ, ரொம்ப நாள் சும்மா கெடந்தாலோ, மொதல்ல நல்லாக் குலுக்கி, காத்துல ரெண்டு தடவை அடிச்சுப் பாக்கணும். புகை மாதிரி வரும். அப்புறந்தான் பிள்ளைக்குக் குடுக்கணும். நிமிர்ந்து உக்கார வைக்கணும். ஒரு அடி, நாலு மூச்சு. மறுபடி ஒரு அடி, நாலு மூச்சு. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

பெரியம்மா ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். நாலு மூச்சு என்கிற இடத்தில் மூச்சும் விட்டுக் காட்டினார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இந்த ஸ்கூல்லயே நீங்கதான் பெரியம்மா ஃபர்ஸ்ட் மார்க்!” என்றாள். அந்த வருடம் முழுக்க, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மாவைப் பற்றியே பேச்சு.

அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு ‘ரயில்’ என்று பட்டப்பெயர். ஒன்பதாம் வகுப்பு. ரயில் மாதிரி ஓடுவாள், ஓடி முடித்ததும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இரண்டு காரணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியதால் அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா தையல்காரி, அக்காவின் கோட்டுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தவள்.

ஒரு நாள் காலை, கடையில் கூட்டமான நேரம். ஒருவர் கவரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பாதி ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெரியம்மா.

“அக்கா, ரயிலுக்கு வீசிங். கிரவுண்டுல ஓடிட்டிருந்தவ அப்படியே உக்காந்துட்டா.”

“இன்ஹேலர் குடுத்தீங்களா?”

“குடுத்துட்டேன் அக்கா. குலுக்கி, நிமிர்த்தி உக்கார வச்சு, ஒரு அடி நாலு மூச்சு, ஒரு அடி நாலு மூச்சு. ரெண்டு சுத்து முடிச்சுட்டேன். கேக்கவே மாட்டேங்குது. விசில் சத்தம்கூட நின்னுபோச்சு.”

கடைசி வாக்கியம்தான் அக்காவைப் பயமுறுத்தியது. விசில் அடிக்கிற நெஞ்சில் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். விசில் நின்றால் காற்றே போகவில்லை.

“ஆம்புலன்ஸ்?”

“பி.டி. மாஸ்டர் கூப்பிட்டுட்டார். வந்துட்டிருக்கு.”

எங்கே தப்பு? பெரியம்மா சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. மருந்து காலாவதியாகவில்லை, தேதியை அவளே பார்த்தவள். எல்லாம் சரியாக இருந்து பிள்ளைக்கு மட்டும் மூச்சு வரவில்லையா? “என்னது!” என்று கத்தக்கூட அவளுக்கு நேரமில்லை. அலமாரியிலிருந்து புது இன்ஹேலர் ஒன்றை எடுத்தாள், கவரின் மறுமுனையைப் பிடித்திருந்த மனிதரை அப்படியே விட்டாள், ஓடினாள். அவள் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. கோட்டு காற்றில் பறக்க, ஒரு செருப்பு வழியில் கழன்று விழ, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தபால்காரர் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டார்.

சிக் ரூமில் ரயில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொட்டன. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவைப் பார்த்தாள், பேச வாய் திறந்தாள், வார்த்தை வரவில்லை. அந்தக் கண்ணை அக்கா தன் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

புது இன்ஹேலரைக் குலுக்கினாள். காற்றில் இரண்டு தடவை அடித்தாள். ஸ்பேசரில் பொருத்தினாள். ஒரு அடி. “மூச்சை இழு கண்ணு. என்னைப் பாரு. இழு.” ஒரு அடி. மறுபடி. மறுபடி. அக்காவின் குரல் நடுங்கவில்லை. கதவருகில் தலைமையாசிரியை, பி.டி. மாஸ்டர், பிள்ளைகள் எல்லாரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். பெரியம்மா ரயிலின் முதுகைத் தாங்கியபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எத்தனையாவது அடியிலோ, அந்த நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய விசில்.

விசில் சத்தம் கேட்டு ஒரு மனுஷி அழுவாளா? அக்கா அழுதாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள், ஏற்றினார்கள். போகும்போது ரயிலின் உதட்டில் கொஞ்சம் சிவப்பு திரும்பியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா அந்தப் பழைய இன்ஹேலரைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை. காற்றில் அடித்துப் பார்த்தாள். புஸ் என்று புகை வந்தது. அதுதான் அந்தச் சாமானின் வஞ்சகம்: மருந்து தீர்ந்துபோனாலும் அதைத் தள்ளுகிற வாயு கொஞ்சம் மிச்சமிருக்கும், புகை வந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை மிச்சம் என்று எண் காட்டுகிற வகையும் இல்லை அது.

“பெரியம்மா, இதை இதுக்கு முன்னாடி யாருக்காவது குடுத்தீங்களா?”

“இல்லையே அக்கா. இந்த வருஷம் யாருக்கும் தேவைப்படவே இல்லை.”

அக்கா அடுத்ததை எடுத்தாள். கனமில்லை. அதற்கடுத்தது. அதுவும். ஆறும் காலி. ஆறு பிள்ளைகளின் பெயர் ஒட்டிய ஆறு வெற்று டப்பாக்கள், தூசி இல்லாமல் துடைத்து, வரிசையாக நின்றன.

“என்னது!” சத்தம் வெளியே வரவில்லை. “யாரும் எடுக்கலைன்னா எப்படிப் பெரியம்மா தீரும்?”

பெரியம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “நான்தான் தினமும் அடிச்சுப் பாக்கறேனே. காலைல மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எடுத்து, குலுக்கி, காத்துல ரெண்டு தடவை. சும்மா கெடந்தா அடிச்சுப் பாக்கணும்னு நீங்க சொன்னீங்க. எதுக்குச் சும்மா கெடக்க விடணும்? ஒரு நாள்கூட விட்டதில்லை அக்கா, காய்ச்சல் வந்தப்பகூட வந்து அடிச்சுட்டுத்தான் போனேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த நொடி அக்காவின் முகத்தைப் பார்த்தார். வரிசையாக நின்ற ஆறு டப்பாக்களைப் பார்த்தார். மில்லில் தீ மணி அடித்தால் தேய்ந்துபோகாது. இது தேயும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நானா? என் கையாலயா அக்கா?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த அறையில் நின்றிருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது. அக்கா தானும் தரையில், ஒற்றைச் செருப்போடு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க கையால இல்ல பெரியம்மா. என் வாயால. இதுல இத்தனை அடிதான் இருக்கு, எண்ணி வச்சிருக்காங்க, வீணா அடிச்சா தீர்ந்துடும்னு நான் சொன்னேனா? சொல்லலையே. திருப்பிச் சொல்லச் சொன்னேன். தினமும் என்ன செய்வீங்கன்னு ஒரு தடவை கேட்டேனா?”

தலைமையாசிரியை கதவருகிலேயே நின்றிருந்தார். அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. “நான் தினமும் பாத்தேன்” என்றார் மெதுவாக. “ஆபீஸ் ரூம் ஜன்னல்ல இருந்து. எவ்வளவு பொறுப்புன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல பாராட்டிக்கூடப் பேசினேன்.”

பி.டி. மாஸ்டரும் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பள்ளியே பார்த்திருக்கிறது, அக்காவைத் தவிர. அவள் வருவது மதியத்தில். புகை விடுவது காலையில்.

அன்றைக்கே ஆறு புது இன்ஹேலர்கள் வந்தன. பெரியம்மா அலமாரியைத் தொடவே பயந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து, அவரையே அடுக்க வைத்தாள். “உங்களை விட்டா இதுக்கு வேற ஆள் கிடையாது” என்றாள். தலைமையாசிரியையிடமும் அதையே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. பாராட்டிப் பேசிய வாயல்லவா?

மறுநாள் சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரயில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. தையல்காரி அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மட்டும் ஓடி வரலைன்னா என் பொண்ணு எனக்கு இல்ல அக்கா. நீங்கதான் தெய்வம்.”

அக்காவுக்கு அந்த வார்த்தை நெருப்பாகச் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கையை உருவிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள்: தான் சொன்ன பாதி, சொல்லாமல் விட்ட பாதி, தினமும் காலையில் காற்றுக்குப் போன மருந்து. ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலைகுனிந்து நின்றாள்.

தையல்காரி திட்டவில்லை. அவள் நெற்றி சுருங்கியது. வேறெதையோ யோசித்தாள்.

“ஆனா அக்கா, இவகிட்ட இன்னொண்ணு இருந்துச்சே. போன வாரம் உங்க கடையிலதானே புதுசா வாங்கினேன்? நீங்ககூட என்னை நாலு தடவை ஒப்பிக்க வச்சீங்க. அது இவ பையிலேயேதானே இருந்தது?”

கட்டிலுக்கு அடியிலிருந்த பள்ளிப் பையைத் திறந்து எடுத்தாள். அக்கா வாங்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. நிறைந்த இன்ஹேலர். நேற்று மைதானத்தில், அந்தப் பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

“என்னது!” என்று கை நெஞ்சுக்குப் போயிற்று. “ஏன் கண்ணு இதை எடுக்கலை? மறந்துட்டியா?”

ரயில் தலையாட்டினாள். இல்லை, மறக்கவில்லை. அவளுக்கு இன்னும் நீளமாகப் பேச மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கேட்டு முடித்ததும் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. காது கேட்டதை மனசு வாங்க மறுத்தது. ஊரையே ஒப்பிக்க வைத்த அந்த வாயில், ஒப்பிக்கவைக்க அல்ல, நம்ப முடியாமல்தான் அந்த வார்த்தை வந்தது.

“எங்க, திருப்பிச் சொல்லு.”

அந்தப் பெண் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

“மாஸ்டர் பையிலேருந்து எடுக்கட்டுமான்னு கேட்டார் அக்கா. நான்தான் வேணாம்னு கை காட்டினேன். இதை யாரும் அடிச்சுப் பாத்ததே இல்லை. பெரியம்மாகிட்ட இருக்கறதை அவங்க தினமும் அடிச்சுப் பாக்கறாங்க. அதான் நல்லா வேலை செய்யும்னு சிக் ரூமுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்.”